‘கழிச்சோ?’ என்று கேட்கும் ஊரில்

ஆழ்துளைக் கிணற்றுக்குள் கேமரா இறக்குவது என் தொழில். கோவில்பட்டியைச் சுற்றி எந்தக் கரிசல் காட்டில் போர்வெல் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். வயரில் கட்டிய கேமராவை மெல்ல உள்ளே விட்டு, குழாய் எங்கே உடைந்திருக்கிறது, மோட்டார் எங்கே மாட்டியிருக்கிறது என்று மேலே திரையில் பார்த்துச் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கே உள்ளே கேமரா விட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காக அழுதாள்.

எனக்கு இருப்பது க்ரோன் நோய். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் சொந்தக் குடலையே போட்டு அடிக்கும். அடி விழுந்த இடம் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். கடைசியில் தழும்பேறிச் சுருங்கும். எனக்கு அது சிறுகுடலில். ஏற்கெனவே ஒரு தடவை வயிற்றைத் திறந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தாயிற்று. இப்போது ஸ்கேனில் இன்னொரு இடம் குறுகலாகத் தெரிகிறது, மறுபடி வெட்ட வேண்டி வரலாம் என்றார் ஊர் டாக்டர். சிறுகுடல் ஒன்றும் வெட்ட வெட்ட வளர்கிற முடி இல்லை. வெட்டாமல் சமாளிக்க வழி உண்டா என்று கேட்டதற்குத் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையைச் சொன்னார். மேலிருந்து விடும் குழாயும் கீழிருந்து விடும் குழாயும் எட்டாத நடுக்குடலைப் பார்க்க அங்கே தனிக் கருவிகள் உண்டாம். வெட்டா, இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

துணைக்கு மைத்துனன் சேகர் வந்தான். அவனுக்கு மலையாளம் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதாவது, அவனே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். படம் பார்த்தே கற்றுக்கொண்டதாம். நாகர்கோவில் தாண்டியதும் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

“வெள்ளம்னா தண்ணி. பட்டின்னா நாய். மதின்னா போதும். அவ்வளவுதான் அத்தான் மலையாளம். மிச்சமெல்லாம் நம்ம தமிழ்தான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நம்பினேன். அதனால் வந்ததுதான் எல்லாம்.

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இந்த அளவு பெய்தால் கடையை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். இங்கே ஒருவரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. குடையை விரித்தார்கள், நடந்தார்கள். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். மேனேஜர் நெற்றியில் சந்தனம் இட்ட பெரியவர். சாவியைக் கொடுத்துவிட்டு, முகமெல்லாம் அக்கறையோடு சேகரைப் பார்த்து, “கழிச்சோ?” என்று கேட்டார். “கழிச்சு, சேட்டா” என்றான் சேகர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பெரியவர் என் பக்கம் திரும்பினார். “கழிச்சோ?”

எங்கள் ஊர்ச் சுவர்களில் பாதியில் ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதியிருக்கும். மீதிப் பாதி எழுதாமலே நாறும். அந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான். போதாததற்கு, வருஷக்கணக்காக எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி, மலம் கழித்தீர்களா, எத்தனை தடவை, எப்படி என்பதுதான். ஆனால் லாட்ஜ் மேனேஜர் கேட்டது அதுவே முதல் தடவை. அறைக்குள் போனதும் சேகரைப் பிடித்துக்கொண்டேன். என் வயிற்று விஷயத்தை லாட்ஜ் வரைக்கும் ஏன் சொன்னாய் என்றேன். சத்தியமாக ஒன்றும் சொல்லவில்லை என்றான்.

“பின்ன அவரு எப்படிக் கேக்காரு?”

“இங்க எல்லாருமே அப்படித்தான் அத்தான் கேப்பாங்க. அது ஒரு மரியாதை.”

வெளியே வந்து பார்த்தால் உண்மைதான். டீக்கடையில் ஒருவர் இன்னொருவரைக் கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டுக்கொண்டார்கள். கழிச்சோ, கழிச்சு. கேரளம் சுகாதாரத்தில் முன்னேறிய மாநிலம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அளவுக்கு முன்னேறியிருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்றே போன மருத்துவமனையில் டாக்டர் ஒரு பெண்மணி. ஆங்கிலமும் தமிழும் கலந்து நிதானமாகப் பேசினார். விழுங்குகிற மாத்திரைக்குள் ஒரு கேமரா இருக்கிறது, அது குடல் முழுக்க நடந்து படம் எடுத்துக்கொண்டே போகும் என்றார். ஆனால் குறுகலான இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடும். அதனால் முதலில் அதே அளவில் ஒரு டம்மி. ஒரு நாளுக்குள் டம்மி வெளியேறிவிட்டால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டிக்கொண்டாலும் பயமில்லை, ஒரு நாளுக்கு மேல் போனால் தானாகக் கரைய ஆரம்பித்துவிடும்.

நாங்களும் கேமராவுக்கு முன்னால் ஒரு இரும்புக் குண்டை இறக்கிப் பார்ப்போம் என்றேன். டாக்டருக்கு ஒரே சுவாரசியம். மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வயர் இருக்குமே, இழுப்போம் என்றேன்.

“இதிலே வயர் இல்லை” என்றார் டாக்டர். “அதனால்தான் டம்மி. இன்று இரவு சாப்பிட்ட பிறகு விழுங்குங்கள். வெளியே வருகிறதா என்று கவனியுங்கள்.”

அங்கேதான் செல்வராணி சிஸ்டர் அறிமுகமானார். போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். எங்கள் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் மலையேறிய தமிழ்க் குடும்பம். படித்தது முழுக்க மலையாளத்தில். “சாரே, நானும் தமிழ்தான் கேட்டோ” என்றபோது எனக்குப் பாதி நோய் குறைந்த மாதிரி இருந்தது. மலையாளம் மட்டும் பேசுகிறவராக இருந்திருந்தால் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை கேட்டிருப்பேன். தமிழ் என்பதால் எதையும் சந்தேகப்படவில்லை. டம்மி இருந்த சின்னப் பெட்டியை என் கையில் வைத்து, நாளைக் காலையில் ‘விளிக்கிறேன்’, அதாவது போன் செய்கிறேன் என்றார்.

இரவு சாப்பாட்டுக்குப் போனோம். இந்த ஊர்ச் சிவப்பரிசி ஒவ்வொன்றும் ஒரு கொட்டைப் பாக்கு அளவு இருக்கும். என் குடலுக்கு அது கட்டாது. கடலை மிட்டாய் ஊரில் பிறந்து, கடலை தொடக் கூடாது என்ற விதியோடு வாழ்கிறவனுக்கு இதெல்லாம் பெரிய இழப்பில்லை. எதிரே சேகர் பரோட்டாவையும் இறைச்சியையும் என் சார்பாகவும் சேர்த்துச் சாப்பிட்டான். நான் குழையக் குழைய வடித்த கஞ்சியைக் குடித்துவிட்டு, அறைக்கு வந்து டம்மியை விழுங்கினேன்.

மறுநாள் காலை சேகர் புட்டு சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சிஸ்டரின் போன் வந்தது.

“சாரே, கழிச்சீங்களா?”

“இல்ல சிஸ்டர்.”

“இன்னும் கழிக்கலையா?” சிஸ்டரின் குரலில் வருத்தம் தெரிந்தது. “நேத்து ராத்திரியே கழிக்கணும்னு டாக்டர் பறஞ்சாங்கல்லே?”

டாக்டர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. “அது என் கையிலயா இருக்கு சிஸ்டர்?”

“பின்ன யாரு கையிலே? உங்க கையிலே தானே நான் தந்தது.”

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு என்பதைத்தான் இப்படிக் கண்டிப்பாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவரே இறங்கி வந்தார். “பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். ஒரு கிளாஸ் வெள்ளம் எடுத்து இப்பவே கழிங்க. கழிச்சிட்டு விளிங்க.”

வெள்ளம் என்றால் தண்ணீர் என்பது எனக்குத் தெரியுமே. ஒரு கிளாஸ் போதாது என்று மூன்று குடித்தேன். லாட்ஜின் நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மேனேஜர் சேட்டன் எதிரே வந்து “கழிச்சோ?” என்றார். “முயற்சி பண்ணிட்டு இருக்கேன்” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். கடைசியில் காரியம் நடந்தது. டாக்டர் சொன்னபடி கவனித்தேன், டம்மியைக் காணோம். சிஸ்டரை அழைத்தேன்.

“கழிச்சாச்சு சிஸ்டர். ஆனா ஒண்ணும் தெரியல.”

“ஒண்ணும் தெரியாது கேட்டோ. சின்னது தானே” என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்துவிட்டார். நானும் நிம்மதியாக இருந்தேன். அன்று முழுக்க மழையையும் சேகர் தின்னும் பழம்பொரி பஜ்ஜியையும் பார்ப்பதிலேயே கழிந்தது.

மூன்றாம் நாள், டம்மி உள்ளே இருக்கிறதா என்று மெஷின் வைத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ வேண்டாம், எனக்கு மலையாளம் படிக்கவும் தெரியும் என்று சேகர் ஒரு பஸ்ஸில் ஏற்றினான். எழுத்தெல்லாம் நம் எழுத்தை ஈரத்தில் ஊறப்போட்ட மாதிரிதான் இருக்கும் அத்தான் என்றான். பஸ் எங்களை ஊர்க் கோடியில் கழக்கூட்டம் என்ற இடத்தில் கொண்டுபோய் இறக்கியது. கழுத்தில் அட்டை தொங்கும் இளைஞர் கூட்டம் எங்களையும் தள்ளிக்கொண்டு ஒரு ஐ.டி. பூங்காவின் பெரிய கேட் வரைக்கும் போனது. அங்கே செக்யூரிட்டி என்னிடம் அட்டை கேட்டார். நான் மருத்துவமனை அட்டையைக் காட்டினேன். வேலைக்குச் சேர வந்தவன் இல்லை என்று என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஹைவே நெரிசலில் திரும்பி ஊர்ந்து, மருத்துவமனையைத் தொடும்போது பகல் பாதி போய்விட்டது.

என் வயிற்றின் மேல் ஒரு கருவியை நகர்த்திப் பார்த்தார்கள். டம்மி உள்ளே இருந்தால் கருவி சத்தம் போடுமாம். போடவில்லை. டம்மி வெளியே வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றேன். பலர் பார்ப்பதில்லை, பரவாயில்லை, ஒரு நாளுக்கு மேல் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் போய்விட்டது, வழி திறந்திருக்கிறது என்றார். நாளைக் காலை கேமரா. மனைவிக்குப் போன் செய்து, வழி திறந்திருக்கிறதாம் என்றேன். வெட்டு இல்லையே, வெட்டு இல்லையே என்று இரண்டு தடவை கேட்டாள். இருக்காது என்று சொல்லிவிட்டுச் சேகருக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

குடலைச் சுத்தம் செய்ய அன்று மாலை உப்புக் கரிக்கும் மருந்து நீரைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தேன். பலன் உடனே தெரிந்தது. கீழே குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனபோது சேட்டன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, “கழிச்சாச்சு” என்றேன். அடுத்த தடவை இரண்டு கை விரல்களையும் காட்டினேன். மனுஷன் என் ஒல்லி உடம்பை ஏற இறங்கப் பார்த்தார்.

நான்காம் நாள் காலை. இடுப்பில் பெல்ட், அதில் படங்களைச் சேமிக்கும் பெட்டி. டாக்டர், சிஸ்டர், நான். வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு சேகர். சிஸ்டர் கேமரா மாத்திரையை உறையிலிருந்து எடுத்தார். அதன் முனையில் வெளிச்சம் மினுக் மினுக்கென்று அடித்தது. தொழிலில் பார்க்காத அழகான கேமரா. என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீரையும் நீட்டி, “இறக்கிக்கோங்க சாரே” என்றார்.

எதையோ சரிபார்க்க மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்து, மாத்திரையைத் தட்டில் இறக்கி வைத்தேன்.

சிஸ்டர் அதை எடுத்து மறுபடி என் கையில் வைத்தார். “இறக்கணும்.” நான் மறுபடி இறக்கி வைத்தேன். மூன்றாம் தடவை கொடுத்தபோது, ஒரு நாளைக்கு எத்தனை கேமரா இறக்குகிறவன் நான், இதைவிட மெதுவாக இறக்க முடியாது என்றேன்.

டாக்டர்தான் முதலில் சிரித்தார். மலையாளத்தில் இறக்குவது என்றால் விழுங்குவது என்று விளக்கினார். சிஸ்டர் வெட்கப்பட்டு, எங்க எஸ்டேட்டில் அப்படித்தான் சொல்வோம் என்றார். எல்லோரும் சிரித்தோம். சேகருக்குத் தன் புலமையைக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

“இதாவது பரவால்ல அத்தான். இங்க சாப்பிடுறதுக்கே கழிக்கிறதுன்னுதான் சொல்வாங்க. மாத்திரை சாப்பிட்டாலும் கழிக்கிறதுதான்.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. லாட்ஜ் சேட்டன், டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, நான் விரித்துக் காட்டிய பத்து விரல், எல்லாம் வரிசையாக வந்து போயின. அதற்குப் பின்னால் அந்தப் போன் வந்து நின்றது. கையில் கேமரா மினுக்கிக்கொண்டிருந்தது.

“சிஸ்டர், முந்தாநாள் போன்ல கழிச்சீங்களான்னு கேட்டது என்ன?”

“டம்மி கழிச்சீங்களான்னு. இல்லைன்னு பறஞ்சீங்க. அதான் காலையிலே கழிக்கச் சொன்னேன். கழிச்சாச்சுன்னு விளிச்சீங்கல்லே?”

“டம்மியை நான் முந்தின ராத்திரியே முழுங்கிட்டேன். காலையில நான் சொன்னது கக்கூஸ் போனதை.”

சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் எழுந்து வந்து என் கையிலிருந்த கேமராவை எடுத்துத் தட்டில் வைத்தார். இந்தத் தடவை சரியான பொருளில் இறக்கி வைத்தார். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார், சிஸ்டரையும் திட்டவில்லை. அப்படியானால் நேற்று மெஷின் வைத்தபோது டம்மி உள்ளே போய் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகியிருக்கிறது. முழுசாக வெளியே போயிருக்கலாம். குறுகலில் மாட்டிக் கரைந்தும் போயிருக்கலாம். மெஷின் பேசாமல் இருந்ததற்கு இனி அர்த்தமில்லை என்றார்.

“இது மாட்டினால் கரையாது” என்று தட்டைக் காட்டினார். “எடுக்க முடியாமல் போனால், வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.”

எந்த வெட்டிலிருந்து தப்பிக்க இவ்வளவு தூரம் வந்தேனோ அதை நானே விழுங்கப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் என் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார். இன்னொரு வார்த்தையும் தப்பாகப் புரிந்ததால் பிழைத்தேன் சிஸ்டர், அழாதீங்க என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

குடல் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால் அன்று மதியமே வேறு வழியில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இது பலூன் வைத்த நீளக் குழாய், கீழிருந்து போகும். பாவாடைக்குள் நாடா கோர்க்கும்போது துணியைச் சுருக்கிச் சுருக்கி ஊக்கை நகர்த்துவோமே, அந்த மாதிரி பலூனால் குடலைப் பிடித்துச் சுருக்கிக்கொண்டே குழாய் மேலே ஏறுமாம். குறுகல் சின்னதாக, வெறும் தழும்பாக இருந்தால் இன்னொரு பலூனை அதற்குள் வைத்து ஊதி விரிப்பார்கள். நீளமாகவோ புண்ணாகவோ இருந்தால் விரிக்க முடியாது. அப்புறம் அறுவைதான்.

உள்ளே கொண்டுபோகும்போது சேகரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “வெட்டுன்னா உங்க அக்காகிட்ட நீ சொல்லாதே மாப்ள. நான் சொல்லிக்கிறேன்.” அந்த நாலு நாளில் அவன் பேசாமல் இருந்தது அப்போதுதான். எனக்குப் பயமாக இருந்தது. மயக்க மருந்து ஏறும்வரை பயமாகவே இருந்தது.

கண் விழித்தபோது டாக்டர் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு குறுகல், நீளமில்லை, புண்ணில்லை, பழைய தழும்பு. குழாயின் முனைகூட நுழையாத அளவு இறுக்கம். டம்மி அங்கேதான் மாட்டிக் கரைந்திருக்கும் என்றார். பலூன் வைத்து விரித்தபின் குழாய் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாம். மறுபடி சுருங்கக் கூடும். மருந்தை நிறுத்தக் கூடாது. சில மாதத்தில் திரும்ப வந்து காட்ட வேண்டும். “இப்போது வெட்டு வேண்டாம்” என்றார். நான் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். மனைவிக்குப் போன் போட்டு அதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. இந்தத் தடவை அவள் முதலில் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை செல்வராணி சிஸ்டர் வந்தார். வாயைத் திறந்தார், மூடினார், எந்தச் சொல் என்று தேடினார். கடைசியில் ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். இனித் தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கேள்வியைக் கையால்தான் கேட்பதென்று வார்டில் எல்லோரும் முடிவு செய்திருக்கிறார்களாம். இரண்டு இடியாப்பம் சாப்பிட்டேன் என்றேன். வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருப்பது என் பழக்கம். அன்று காத்திருந்தேன், அது வரவே இல்லை.

ஊருக்குக் கிளம்பும் நாள் லாட்ஜைக் காலி செய்ய வந்தோம். மழை அப்படியே பெய்துகொண்டிருந்தது. சேட்டன் சாவியை வாங்கிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி வைக்க ஒரு கை கொடுத்தார். என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார். ஆனாலும் மரியாதை விடவில்லை.

“கழிச்சோ?”

காலையில் சாப்பிட்டதும் வலியில்லை. அதற்கு முன்னால் போனபோதும் வலியில்லை. இரண்டும் வலியில்லாமல் நடந்த நாள் இதற்கு முன் எப்போது என்று எனக்கு ஞாபகமே இல்லை.

“ரெண்டும் கழிச்சாச்சு, சேட்டா” என்றேன்.

சேட்டன் ஒன்றும் விளங்காமல் சேகரைப் பார்த்தார். சேகர் குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.